இரு தரப்பும் பிழை என்ற தீர்மானம்

நிந்தவூர்
செவ்வாய்க்கிழமை

அன்பின் மச்சான் சுபியானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கத்தார் வெயிலில் உன் உடம்பை அல்லாஹ் காப்பானாக. என் வீட்டுக்காரி, உன் ராத்தா றுகையாவின் சீனி வருத்தம் இப்போது கட்டுக்குள் இருக்கிறது.

நீ அனுப்பிய குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். பதிலைப் பேசி அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவாய். அதனால் எழுதுகிறேன். றுகையா இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

முதலில் நடந்ததை ஒழுங்காகத் தெரிந்துகொள். உன் தங்கச்சி நஸீறா இந்தத் தேர்தலில் மற்றக் கட்சிக்காக வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுத்தாள். சிறுபோகத்தில் முறை வைத்துத் தண்ணீர் பிரிக்கிற வட்டவிதானை நம்ம கட்சிக்காரன், உன் கூட்டாளி றிஸ்வான். ஐந்து நாளைக்கு ஒரு முறை. அவளுடைய சீதன வயலுக்குத் தண்ணீர் பாயும் வக்கடையை மூன்று முறையும் மண் போட்டு அடைத்துவிட்டான். நெல் கதிர் கட்டும் குடலைப் பருவம், நிலம் வெடித்துக் கிடக்கிறது. மூன்றாம் முறை அவள் வாய்க்கால் வரம்பில் நின்று, கள்ளன், கட்சிக்குப் பிறந்தவன் என்று அவனை ஏசினாள். நடந்தது இவ்வளவுதான்.

அன்றைக்கே, ஞாயிறு பின்னேரம், வயல்காரர்களின் கண்டக் கூட்டம். தலைவர் வாய் நிறைய வெற்றிலையோடு தீர்ப்புச் சொன்னார். "தண்ணிய மறிச்சதும் பிழை, பொம்புள வாய் நீட்டினதும் பிழை. ரெண்டும் ஒண்டுதான் காக்கா. ஸலாம் சொல்லி முடிப்பம்." அவள் ஏசியதில் றிஸ்வானுடைய எத்தனை ஏக்கர் காய்ந்தது என்று கேட்டேன். பின்னாலிருந்து ஒருவன், "மீராசாஹிபு காக்கா கட்சி மாறிட்டார் போல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். முப்பது வருடமாக நம்ம கட்சியின் போஸ்டருக்குப் பசை காய்ச்சியவன் நான். சிரித்தவர்களில் பாதிப்பேர் நான் தொடங்கியபோது பிறந்திருக்கவில்லை.

தீர்மானம் எழுதினார்கள். இரு தரப்பும் பிழை. நஸீறா கூட்டத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், றிஸ்வான் தண்ணீர் விட வேண்டும். ஒருத்தி தலைகுனிய வேண்டும், மற்றவன் ஏற்கனவே தரவேண்டியதைத் தந்தால் போதும். இதற்குப் பெயர் நடுநிலையாம். மூத்த உறுப்பினர் என்று என் கையெழுத்தும் வேண்டுமாம். நான் வைக்கவில்லை. வைக்கும்வரை தண்ணீர் இல்லை என்கிறார்கள். இப்போது அவள் பயிரை நான்தான் காயவைக்கிறேன் என்று ஊர் கதைக்கிறது.

"அவங்கட காலத்தில அவங்க செய்யல்லையா?" என்று கேட்டிருக்கிறாய். ஓம், செய்தார்கள். அவர்களுடைய விதானை நமக்கு ஒரு தடவை அரை மணித்தியாலம் குறைத்தான். நீ மாவட்டக் கச்சேரி வரை போய் அதிகாரிகளிடம் கத்தினாய். அரை மணித்தியாலத்துக்கு அநியாயம் என்று கத்திய வாய், பதினைந்து நாளுக்கு எல்லாரும் அப்படித்தான் என்கிறது. என்ன வாய் அது?

நானும் அந்தப் பேச்சைப் பேசியவன்தான். நம்மவர்கள் செய்ததை யார் கேட்டாலும், அவங்க மட்டும் சுத்தமா என்று வாயை அடைப்பேன். அதற்குப் படிப்பும் தேவையில்லை, வெட்கமும் தேவையில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே சுகமாக வந்தது.

நேற்று நஸீறா வந்தாள். "மச்சான், நான் மன்னிப்புக் கேட்டுடுறன். நீங்க கையெழுத்த வைங்க. பயிர் தாங்காது" என்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இன்று காலையிலிருந்து றுகையா என்னோடு கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அடுத்த தண்ணீர் முறை. அந்தத் தாளில் நான் கையெழுத்து வைக்கமாட்டேன். றிஸ்வானின் வாசலுக்கும் போகமாட்டேன். உன்னைக் கட்சியை விடச் சொல்லவில்லை, அவனோடு சண்டை பிடிக்கவும் சொல்லவில்லை. வியாழனுக்குள் அவனுக்கு ஒரு கோல் எடு. "அது என் தங்கச்சியின் வயல்" என்று மட்டும் சொல்லு. இவ்வளவு நாளில் அதை நீ ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்த ஒரு வார்த்தையை அல்லாஹ் உன் நாவுக்கு லேசாக்கி வைப்பானாக.

உன் மச்சான்,
மீராசாஹிபு