நீ எழுதிய துண்டின் கடைசி வரி

இன்று காலை எழுந்ததும் நான் தேநீருக்குக் கேத்திலைப் போடவில்லை. கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த உன் பிஸ்கட் தகரத்தைத்தான் முதலில் இறக்கினேன். மூடியைத் திறந்ததும் காபன் தாளின் மணம் வந்தது. உன் விரல் நுனிகள் எப்போதும் நீலமாக இருக்கும். சோறு சாப்பிட உட்கார்ந்தாலும் அந்த நீலம் போகாது.

நேற்றுப் பின்னேரம், லண்டனின் மறுகோடியில் ஹரோவில் இருக்கும் நம் ஹரோ அங்கிள் போன் எடுத்தார். அவரேதான். குரல் தளர்ந்திருந்தது, கதை மட்டும் அதே கதை.

"பிள்ளை, அந்தக் காலத்திலை நீங்கள் பூட்டித் தந்த கொம்பியூட்டரின்ரை பில் துண்டு ஒண்டு உங்களிட்டை இருக்குமோ? நான் எங்கையோ எறிஞ்சிட்டன்."

கணினிக்குள் போடும் மெமரியைத் தயாரித்த பெரிய நிறுவனங்கள் சில, அந்த நாட்களில் தங்களுக்குள் இரகசியமாகப் பேசி விலையை ஏற்றி வைத்திருந்தனவாம். இப்போது அது வெளியில் வந்திருக்கிறது. வாங்கியவர்கள் இழப்பீடு கேட்கலாமாம். அங்கிளுக்கு மகள் படிவம் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வாங்கியதற்கு ஆதாரம் வேண்டும்.

"தேடிப் பாக்கிறன் அங்கிள்" என்றேன். உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். எனக்கும் வந்தது.

கோலியர்ஸ் வுட் வீட்டுக் குசினி மேசையில்தானே நம் கணினிக் கடை. வாரநாட்களில் இருவருக்கும் வேறு வேலை. சனிக்கிழமைகளில் எனக்கு டூட்டிங்கில் ஷிப்ட் என்பதால் மொத்த விலைக் கடைக்குப் போய்ச் சாமான் எடுப்பது நீ, துண்டு எழுதுவதும் நீ. சாமான்களைப் பொருத்திக் கணினியாகப் பூட்டுவது இருவரும். சின்ன ஒரு வயருக்குக்கூட விலையைத் தனியாக எழுதி, காபன் வைத்துப் பிரதி எடுப்பாய்.

"ஆரடி வந்து கேக்கப் போறாங்கள்?" என்பேன்.

"துண்டு இல்லாமல் சாமான் வெளியிலை போகாது" என்பாய்.

ஹரோ அங்கிள் வீட்டுக்கு நாம் கணினி கொண்டுபோனது ஒரு ஞாயிறு பின்னேரம். எல்லாம் பொருத்தி, சுவிட்சில் கை வைத்தபோது அன்ரி ஓடிவந்தா. "பிள்ளையள், ராகுகாலம். ஆறு மணி ஆகட்டும்." கணினியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு நமக்கு ரோல்ஸும் தேநீரும் தந்தா. ஒன்றரை மணித்தியாலம் அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டு ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். "இதுக்கும் மணித்தியாலக் கூலி போடுவமோ?" என்று நீ என் காதுக்குள் கேட்டாய். எனக்குத் தேநீர் புரையேறிவிட்டது.

அடுத்த மாதம், அங்கிளின் மச்சான் அதே மாதிரிக் கணினியைச் சில மாதம் முந்தி நம்மிடம் குறைந்த விலைக்கு வாங்கியது அவருக்குத் தெரியவந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், பெற்றோர் தேநீருக்கு நிற்கும் வரிசையில், ஓடர் கேட்கப் போயிருந்த நீ பின்னால் நிற்பது தெரிந்தே சொன்னார்: "தமிழாக்களைத் தமிழாக்களே உரிச்சா ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"

மெமரி விலை ஏறிவிட்டது என்று நீ சொன்னாய். யாரும் நம்பவில்லை. வரவிருந்த ஓடர்கள் ஒவ்வொன்றாக நின்றன. அன்று குசினியில், ஸ்குரூக்களைப் போத்தலுக்குள் போட்டபடி என்னைப் பார்க்காமல் கேட்டாய்.

"எடியே, நீயும் அப்பிடித்தான் நினைக்கிறியோ?"

"விசரி, இல்லையடி" என்றேன். ஆனால் உடனே சொல்லவில்லை. ஒரு ஸ்குரூ போத்தலுக்குள் விழுந்த சத்தத்துக்குப் பிறகுதான் சொன்னேன். உனக்கு அது கேட்டிருக்கும். நீ அதைப் பற்றிப் பிறகு கதைக்கவே இல்லை. கடையை மூடினோம், நீ கவுன்சில் வேலைக்குப் போனாய், என் கலியாணத்தில் தோழியாய் நின்றாய், கடைசிவரை என்னோடு சிரித்துக்கொண்டே இருந்தாய். நீ கண்மூடிய பிறகு உன் அக்கா இந்தத் தகரத்தை என்னிடம் தந்தும் மூன்று வருடம் ஆகிறது. நான் திறக்கவில்லை.

அங்கிளின் துண்டு மூன்றாவது புத்தகத்தில் கிடைத்தது. ஒவ்வொரு சாமானும் வரிசையாக இருக்கிறது. மெமரிக்கு நேரே உள்ள விலை மச்சானின் துண்டில் இருப்பதைவிட எவ்வளவோ கூடுதல். மற்றச் சாமான்களில் மாற்றமே இல்லை. கடைசி வரியில் "பூட்டுக்கூலி" என்று எழுதி, தொகை போட்டு, பிறகு வெட்டி, பக்கத்தில் "வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய். அங்கிள் அடியில் இருந்த மொத்தத்தை மட்டும் பார்த்திருப்பார்.

பூட்டுக்கூலியில்தானே நமக்குப் பாதிப் பாதி. அந்த ஞாயிறு திரும்பி வரும்போது, மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில், என் பங்கு என்று என் கையில் நீ பணம் வைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது உன் சொந்தக் காசு என்று இன்றுதான் விளங்கியது.

கொஞ்சம் அழுதேன். பிறகு கேத்திலைப் போட்டேன். மனம் இலேசாக இருந்தது. உன் நீல எழுத்து இத்தனை வருடம் அழியாமல் இருந்ததே என்று ஒரு சந்தோஷம். என்னவர் எட்டிப் பார்த்து, "படம் எடுத்து அனுப்பிவிடுமன், ஏன் அவ்வளவு தூரம் அலையிறீர்?" என்றார். ஓம் என்று சொல்லி வைத்தேன்.

ஆனால் அனுப்பப் போவதில்லை. சனிக்கிழமை ஹரோவுக்குக் கையில் கொண்டுபோகப் போகிறேன். அங்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக் கொடுப்பேன். கடைசி வரியை அவரையே வாசிக்கச் சொல்வேன். அவர் தலை குனிந்தால் தனியே குனிய விடமாட்டேன். "அங்கிள், நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்று சொல்லப் போகிறேன்.