மைத்துனி ஏறும் வண்டி

ஜூன் 5, வியாழன்

காலையில் எங்கள் பழைய கார் வண்டிக்கு அடியில் ஈரம். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். மழைத் தண்ணீர் இல்லை, ரேடியேட்டர் தண்ணீர். இன்ஜினுக்குத் தண்ணீர் அனுப்புகிற பம்ப் அழ ஆரம்பித்துவிட்டது. நான் பால் வேன் ஓட்டிய காலத்தில், பெரிய பாலம் இடிந்த வருடம், ஏற்றத்தில் முழு லோடோடு இதே வாசனை வந்து வண்டி நின்றது. மூக்கு அதை இன்னும் மறக்கவில்லை.

எழுத்து எனக்கு வராது. மகன் வேண்டாமென்று போட்ட டைரி இது. வெறும் தாளைப் பார்த்தால் என் மனைவிக்குக் கை சும்மா இருக்காது. சாயங்காலம் டீ குடித்ததும் நான் சொல்வேன், அவள் எழுதுவாள். என் பேச்சையெல்லாம் தேய்த்து மடித்து நல்ல தமிழாக்கிவிடுகிறாள். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் யார் பேசினாலும் வாத்தியார் பேசுகிற மாதிரி இருக்கும்.

ஜூன் 7, சனி

மைத்துனி ஒத்துக்கொண்டார்!

மனைவியின் அக்கா. வீட்டுக்காரர் போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். எங்களோடு வந்து இருங்கள் என்று வாய் வலிக்கக் கூப்பிட்டாயிற்று. போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்க்கும் வரை அப்படியே கிடந்திருக்கிறார். இன்று அவரே போன் பண்ணினார்.

"இருபத்திரண்டாம் தேதி ஞாயித்துக்கிழமை வாங்க. உங்க வண்டியிலதான் வருவேன். வேற வண்டி வந்தா ஏற மாட்டேன்."

கண்ணாடி ஏற்றிய வண்டியில் உட்கார்ந்தால் தெருமுனை தாண்டுவதற்குள் வாந்தி எடுப்பார். எங்கள் வண்டியில் கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி முழுசாக இறங்கும், காற்று அடிக்கும். அது ஒன்றுதான் ஆகும் அவருக்கு.

போனை வைத்துவிட்டு மனைவி சொன்னாள்: "அன்னிக்குப் போகலைன்னா அவ அப்புறம் வரவே மாட்டா. எனக்குத் தெரியும் அவளை."

எனக்கும் தெரியும்.

ஜூன் 8, ஞாயிறு

மகன் வந்திருந்தான். மெயின் ரோட்டில் சுவரெல்லாம் கண்ணாடியாக இருக்கிறதே, நான் கண்ணாடிக்கடை என்று சொல்வேனே, ஊருக்கு ஊர் கிளை வைத்து எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை மாட்டிவிட்டிருக்கிற ஒர்க்ஷாப், அதில் நம் வண்டிக்கு ஒரு வருடத்துக்குச் சேர்த்தே சர்வீஸுக்குப் பணம் கட்டி வைத்திருக்கிறானாம். அங்கே விடுங்கள் என்றான். பம்ப் மாற்றுவதற்கு அவ்வளவு பெரிய கண்ணாடி எதற்கு, நானே மாற்றுவேன் என்றேன்.

"நடுவழில நின்னா பெரியம்மாவை ரோட்டுல உட்கார வைப்பீங்களாப்பா?"

நிற்கவிட மாட்டேன் என்றேன். கடைசியில், இந்த ஒரு தடவை சரி, இது சொதப்பினால் வண்டியை விற்றுவிட வேண்டும் என்றான். தலையாட்டினேன்.

சந்துக்குள் அரைவார்த்தையின் பட்டறை ஒன்று இருக்கிறது. நல்ல மெக்கானிக். ஆனால் எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டான், அதனால் அந்தப் பேர். வேலையையும் அப்படித்தான் பாதியில் நிறுத்துவான். போன தடவை கிளட்சுக்கு விட்ட வண்டி அவன் மரத்தடியிலேயே கிடந்து, திரும்பி வரும்போது காக்கை எச்சத்தில் நிறமே மாறியிருந்தது. இந்த முறை தேதி கழுத்தில் இருக்கிறது. அவனும் வேண்டாம்.

ஜூன் 10, செவ்வாய்

பம்பைக் கழற்றினேன். என் பழக்கம் இது: வாசலில் ஒரு பழைய போர்வையை விரிப்பேன். மேலே இருந்த போல்ட் மேலே, இடது பக்கத்தது இடது பக்கம், எது எங்கே இருந்ததோ அதே இடத்தில் வைப்பேன். போர்வையைப் பார்த்தால் பம்ப் படுத்திருக்கிற மாதிரியே இருக்கும். படித்தவர்களுக்குக் காகிதம், எனக்குப் போர்வை. இந்தப் பம்பில் போல்ட் தலை எல்லாம் ஒரே அளவு, உடம்பு மட்டும் சிலது நீளம், சிலது குட்டை. அதனால் இடம் மாறவே கூடாது.

புது பம்ப் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். போர்வை கொடியில் காய்கிறது. போல்ட் எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பிஸ்கட் டப்பாவுக்குள் பளபளவென்று.

"கரண்டு ரீடிங் எடுக்கிறவர் வர்ற நாளு. வாசல் அப்படிக் கிடந்தா என்ன நினைப்பாரு?" என்றாள் மனைவி.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. பரவாயில்லை, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்றேன்.

ஜூன் 11, புதன்

மாட்டியாயிற்று. எல்லாம் இறுகியது. தண்ணீர் ஊற்றினேன். கீழ் ஓரத்துப் போல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு. இன்னும் அரைச் சுற்று கொடுத்தேன்.

டக்.

பம்ப் போய் உட்காருகிற அலுமினியத் தட்டில், போல்ட் ஏறுகிற காது பிளந்துவிட்டது. நீள போல்ட்டைக் குட்டைக் குழியில் விட்டிருக்கிறேன். அது அடியில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் இறுகிவிட்டது என்று நினைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

இன்று எழுத ஒன்றும் இல்லை என்று எழுதச் சொன்னேன். எழுதிவிட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

மனைவி அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள். அக்கா வராமல் போவதற்குத் தானே காரணமாகிவிட்டாளாம். உட்கார வைத்துச் சொன்னேன்: "நீ கழுவினது போல்ட்டைத்தான். ஒரு குச்சியை விட்டுக் குழி எவ்வளவு ஆழம்னு பார்க்காம மாட்டினது யாரு? நான். ஞாபகம் இருக்குன்னு வீம்பு பேசினது யாரு? அதுவும் நான். இதையும் எழுது." எழுதுகிறாள். மூக்கையும் உறிஞ்சுகிறாள்.

பாலம் இடிந்த வருடம் ஞாபகம் இருக்கிறது, காலையில் கழற்றிய போல்ட் ஞாபகம் இல்லை. வயசு எங்கே கை வைக்கிறது பாருங்கள்.

மகனோடு கண்ணாடிக்கடைக்குப் போனேன். உடைந்த இடத்தை அவன் போனில் படம் எடுத்து வந்திருந்தான். உள்ளே குளிர். டீயை ஒரு மிஷின் துப்புகிறது. மேசையில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டினாள். கையெழுத்து வராதம்மா என்றேன். முகம் மாறாமல் எழுந்து போய் மைப் பெட்டி கொண்டு வந்தாள், விரல் துடைக்க ஈரத்துணியும் கொண்டு வந்தாள். நல்ல பிள்ளை.

மேஸ்திரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "நாங்க ஒட்டித் தர்றதில்லைங்கய்யா. முழுத் தட்டும் மாத்தணும். இந்த மாடல் நின்னுபோச்சு, வரவழைக்கணும். இருபத்திரண்டுக்குள்ள வரும்னு பொய் சொல்ல மாட்டேன்."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. முடியாது என்பதை முதல் டீயிலேயே சொல்கிறவன் நம் நாளை வீணாக்குவதில்லை. மகன் திரும்பும் வழி முழுக்க விற்கிற பேச்சை எடுக்கவே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 14, சனி

வீம்பை வீட்டிலேயே விட்டுவிட்டு அரைவார்த்தையிடம் போனேன். பட்டறைக்கு வெளியே தெரு வரைக்கும் வண்டிகள்.

"வெல்டிங்... ஆகும். ஆனா..."

"ஆனா?"

"வரிசை..."

நான் முடித்தேன்: "வண்டியைக் கொண்டு வந்தா வரிசையில நிக்கணும். நானே தட்டைக் கழட்டிக் கையில கொண்டு வந்தா?"

கிரீஸ் கையைத் துடைத்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தான். "திங்கள் குடுங்க. புதன்கிழமை வாங்கிக்கங்க."

இத்தனை வருடத்தில் அவன் முழுசாகச் சொன்ன முதல் பேச்சு. பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் கூடத் திரும்பிப் பார்த்தார்.

ஜூன் 15, ஞாயிறு

தட்டைக் கழற்றினேன். கழற்றும் முன் மனைவி போர்வையோடும் சாக்பீஸோடும் வந்து பக்கத்தில் குந்தினாள். எது எங்கே என்று நான் சொல்லச் சொல்லக் கோடு போட்டாள். குச்சியை விட்டு ஒவ்வொரு குழியையும் அளந்து கொடுத்தேன். மத்தியானம் முழுக்கத் தையல் மிஷின் சத்தம். போர்வையில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு பை, அது இருந்த இடத்திலேயே. நீளத்துக்கு ஆழப் பை, குட்டைக்குச் சின்னப் பை. மாற்றிப் போட்டால் போல்ட்டின் தலை வெளியே நீட்டிக்கொண்டு காட்டிக் கொடுத்துவிடும்.

சாயங்காலம் மகன் பார்த்துவிட்டு, "அப்பா மூளைக்கும் இப்படி ஒண்ணு தைச்சுடும்மா" என்றான். துணி பற்றாது என்றாள் அவள். நாலு நாள் கழித்து இன்றுதான் சிரித்தாள், அதுவும் என்னை வைத்து. போகட்டும்.

ஜூன் 18, புதன்

சொன்ன சொல் தப்பவில்லை. பிளந்த காதை ஒட்டி, அரம் போட்டுச் சமமாக்கி வைத்திருந்தான் அரைவார்த்தை. ஸ்கேலை மேலே வைத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். கீறல் வெளிச்சம்கூட நுழையவில்லை.

"இனிமே இறுக்கறப்ப..." என்றான்.

இந்த முறை நான் முடிக்கவில்லை. காத்திருந்தேன். வெகு நேரம் கழித்து, "மெதுவா" என்றான்.

மெதுவாகவே இறுக்கினேன். பையிலிருந்து மனைவி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். சொட்டு இல்லை.

ஜூன் 20, வெள்ளி

மகன் விடவில்லை. பெரியம்மா ஊருக்குப் போகிற வழியில் மலை இருக்கிறது, அந்த இறக்கத்தில் இரண்டு அம்மாக்களை ஏற்றி வரப் போகிறீர்கள், பிரேக்கை ஒரு தடவை கண்ணாடிக்கடை மிஷினில் ஏற்றிக் காட்டுங்கள் என்றான். என் காலுக்குத் தெரியாத பிரேக்கா என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

மேஸ்திரி ஒரு ரப்பர் குழாயோடு வந்தார். பின் சக்கரத்துக்குப் போகிற பிரேக் குழாய். என் கையில் கொடுத்து, "மடக்கிப் பாருங்கய்யா" என்றார். மடக்கினேன். உதடு பிளந்த மாதிரி திறந்துகொண்டது. காலுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. உள் பக்கம் திரும்பி இருந்ததால் கண்ணுக்கும் தெரியவில்லை. புதுசை மாட்டிக் கொடுத்தார்கள். நான் பழைய குழாயை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்ணாடிக்கடை எப்படி என்று மகன் கேட்டான். டீ மட்டும் நன்றாக இல்லை என்றேன். அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

போனோம். மைத்துனி வெளிக்கதவைப் பூட்டிவிட்டு, வாசலில் தன் இரும்புப் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். பெட்டியைச் சுற்றிப் பச்சைக் கயிறு.

"வண்டி வந்துடும்னு தெரியும் மாப்பிள்ளை. நீங்க வருவீங்களான்னுதான் பார்த்தேன்."

முன் சீட்டில் ஏறிக் கண்ணாடியைத் தானே இறக்கிக்கொண்டார். "ஒரு வாரம்தான். சொல்லிட்டேன்."

வாந்தி இல்லை. மலை ஏற்றத்தில் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் நடுவிலேயே நின்றது. பின் சீட்டிலிருந்து என் தோளுக்கு மேலே எட்டி எட்டி, முள் நகர்ந்ததா, முள் நகர்ந்ததா என்று மனைவி கேட்டுக்கொண்டே வந்தாள். என்ன முள் என்றார் மைத்துனி. ரோட்டில் முள் கிடக்கிறதா என்று பார்க்கிறாள் என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஒரு வாரம் ஆயிற்று. யாரும் அதைப் பேசவில்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில். ஓர் இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சு. புடவை எடுக்க அவிழ்க்கிறார், எடுத்ததும் கட்டிவிடுகிறார். காலையில் அறையைக் கூட்டும்போதெல்லாம் மனைவி அந்தக் கயிற்றைத்தான் பார்க்கிறாள்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று கையெழுத்து வேறு. மனைவி மகன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். சுருக்கமாகச் சொல்லுங்கள், கை வலிக்கிறது என்கிறார் எழுதுகிற மைத்துனி. அதையும் எழுதச் சொன்னேன்.

காலையில் பின்னால் எடுக்கும்போது கேட் தூணில் இடித்துவிட்டேன். (பார்க்காமல் எடுத்தார். – இது நான் சொல்லாதது, அவராகச் சேர்த்தது.) பம்பரின் ஒரு முனை தொங்குகிறது. இது தட்டி நிமிர்த்துகிற வேலை, அரைவார்த்தைக்கு உரியது. போன் பண்ணினேன். "செவ்வாய்..." என்றான். எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை. அதுவரை கட்டி வைக்கலாமென்று கொல்லையெல்லாம் கயிறு தேடினேன்.

மைத்துனி உள்ளே போய் ஒரு கயிறு கொண்டு வந்து நீட்டினார். பச்சைக் கயிறு.

"அண்ணி, இது பெட்டிக்கு..."

"அரைவார்த்தை உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா? கட்டுங்க."

கட்டினேன். இழுத்துப் பார்த்துவிட்டு, போதாது என்று அவிழ்த்து, காலைப் பம்பரில் ஊன்றிக்கொண்டு அவரே கட்டினார். சுருக்கு முடிச்சு இல்லை. இனி கத்தி வைத்து அறுத்தால்தான் உண்டு.