சிவப்புக் கவுனின் துண்டுகள்

அன்பு மகள் கொன்ஜேராவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பியும் மிஞ்சிய மாடுகளும் உயிரோடு இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. எதிர்வீட்டு ஓட்டிலியே தன் போனில் உன் படத்தைக் காட்டினாள், பெர்லினில் விளக்கு வெளிச்சத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய், நன்றாகத்தான் இருக்கிறாய்.

மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது, புள்ளிப் பசு கன்று போட்டது, கன்று தங்கவில்லை, உன் தம்பி சரியாகச் சாப்பிடாமல் திரிகிறான். இதையெல்லாம் விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் மனசு அந்தக் கவுனையே சுற்றுகிறது. போன வருஷம் போனில் அழுதாயே, அம்மா உன் சிவப்புக் கவுனை அனுப்பும்மா, மடியில வச்சுக்கிட்டுத் தூங்கணும்போல இருக்கு என்று. நானே தைத்த கவுன் அது, உன் அப்பா போன பிறகும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் கொடி நாளுக்கு அதை உடுத்திக்கொண்டுதான் நம் தலைவர்களின் கல்லறைக்கு நடந்தேன். கல்யாணமானவர்கள் கட்டுகிற, மாட்டுக் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் நீளும் தலைக்கட்டையும் சேர்த்தே அனுப்பினேன். பிள்ளைக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று ஓட்டிலியேவிடம் பீற்றிக்கொண்டேன், பைத்தியக்காரி.

இந்தக் கொடி நாளில், அந்தக் கல்லறைகள் இருக்கிற ஒகாஹன்ஜாவில் பெண்கள் வரிசை கட்டி நின்றோம். முன்வரிசையில் நடக்க இந்த முறை என்னைச் சொல்லியிருந்தார்கள். இரவல் கவுனில் நிற்கிறேன், ஓட்டிலியே போனை நீட்டுகிறாள், பெர்லினில் நீ நடத்திய உடுப்புக் காட்சி. என் கவுன் ஒருத்திக்குப் பாவாடையாகி முழங்காலுக்கு மேலே நிற்கிறது. மீதித் துணி இன்னொருத்திக்கு மேல்சட்டை, அவள் கையில் பை. என் தலைக்கட்டு கல்யாணமாகாத ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தலையில், அதுவும் கொம்பு இரண்டும் இடம் வலமாக இல்லாமல் முன்னும் பின்னுமாக! அவள் மேடையில் விறுவிறுவென்று ஓடுகிறாள். பசு நடக்கிற மாதிரி நடடி என்று உன் இடுப்பைக் கிள்ளிக் கிள்ளிச் சொல்லித் தந்தேனே, அதுவும் போயிற்றா? எங்கம்மா எங்களைக் கொன்னவங்க உடுப்பைத்தான் இன்னும் சுமக்கிறாங்க, நான் அதுக்கு விடுதலை கொடுத்துட்டேன்னு உம் பொண்ணு சொல்லியிருக்காளாம்க்கா என்று ஓட்டிலியே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள். வரிசைத் தலைவி மாகிரேத்தா என்னை ஏற இறங்கப் பார்த்து, இந்தத் தடவை நீ பின்னாடி வா ஃப்ரீடா என்றாள். பின்னால்தான் போனேன், முன்னே போனவர்கள் கிளப்பிய புழுதியைத் தின்றுகொண்டு.

அது யார் உடுப்பு என்று எங்களுக்குத் தெரியாதாடி? இப்போது நீ இருக்கிற தேசத்திலிருந்து வந்த பாதிரியார்களின் பெண்டாட்டிகள் நம் தோலாடையைக் கழற்றச் சொல்லி இதை மாட்டிவிட்டார்கள். பிறகு அவர்கள் ஊர்ப் பட்டாளம் வந்து நம்மைச் சுட்டது, ஒமாஹெக்கே பாலைவன மணலில் தண்ணீரில்லாமல் சாக விரட்டியது. அவர்கள் அடைத்த முகாம்களில் சாகாமல் மிஞ்சியவர்கள் கந்தலோடு வெளியே வந்து, கிடைத்த துணியையெல்லாம் ஒட்டுப்போட்டு இந்தக் கவுனைத் தைத்தார்கள், அவர்களுடையதைவிட அகலமாக. எந்தப் பாதிரி பெண்டாட்டி தலையில் கொம்பு வைத்தாள், சொல்லு? நம் மாடுகளைப் பிடுங்கியவன் கண்ணெதிரே நம் பெண்கள் கொம்போடு நடந்தார்கள். அதற்குத்தான் நீ விடுதலை கொடுத்தாயாம், அதுவும் பெர்லினில் வைத்து. கைதட்டினார்களாமே, தட்டமாட்டார்களா பின்னே!

வெட்டுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், கடைசியில் வேறொரு கவுனே தைத்து அனுப்பியிருப்பேன். அழுது ஏமாற்றி வாங்கினாயே, அதுதான் ஆறவில்லை. துண்டுகளை அனுப்பிவிடு, பாவாடை, மேல்சட்டை, பை, எல்லாவற்றையும். ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொள்கிறேன். அடுத்த ஆகஸ்டில் தையல் தெரியத் தெரிய அதையே உடுத்திக்கொண்டு கடைசி வரிசையில் நடப்பேன். யாராவது கேட்டால் என் மகள் கிழித்தது என்றுதான் சொல்வேன், மறைக்கமாட்டேன்.

தலைக்கட்டை நசுக்காமல் தனிப்பெட்டியில் அனுப்பு. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், கழுத்தை மூடிக்கொள். முன்னோர் உன்னைக் காக்கட்டும். அவர்களுக்காக அணையாமல் வைத்திருக்கும் நெருப்படியில் அவர்களிடம் உன் பெயரை இன்னும் தினமும் சொல்கிறேன், நீ செய்ததை மட்டும் சொல்லவில்லை.

உன் அம்மா,
ஃப்ரீடா