துடைப்பம் பட்ட கல்

சஸ்கட்டூன்,
கனடா,
12 பிப்ரவரி 1974

அன்புள்ள டெல்மா அக்காவுக்கு,

நீ அனுப்பிய பெரோகிக் கொழுக்கட்டை வந்தது. ஆனால் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவே இல்லை. பத்து நாளாக நான் நானாகவே இல்லை.

மாகாண கர்லிங் இறுதி ஆட்டத்தில் நீ கடைசிக் கல்லைப் பனித்தரையில் சறுக்கி விட்டதும், அது வழுக்கிப் போகத் துடைப்பத்தால் பனியைத் தேய்த்துக்கொண்டு முன்னால் ஓடினேன் அல்லவா? இரண்டு எட்டு வைப்பதற்குள் என் துடைப்பம் கல்லில் பட்டுவிட்டது. லேசாகத்தான், ஆனாலும் பட்டது. பட்டவளே கையைத் தூக்கிச் சொல்லிக் கல்லை எடுத்துவிட வேண்டும். நடுவர் வந்து கேட்கமாட்டார். நான் தூக்கவில்லை. அந்தக் கல்லால்தான் ஜெயித்தோம்.

வழக்கப்படி ஜெயித்த நீ, தோற்ற அணியின் கேப்டன் கிரெட்டாவுக்கு விஸ்கி வாங்கித் தந்தாய். "நல்லா ஆடுனீங்கடி" என்று சிரித்துக்கொண்டே குடித்தாள். அந்தச் சிரிப்பு என்னைச் சும்மா விடவில்லை.

அவளிடம் சொல்லிவிடு அக்கா. தேசியப் போட்டிக்கு அவர்கள் போகட்டும். நீ கேப்டன், நீ சொன்னால்தான் செல்லும்.

அன்புத் தங்கை,
ரூபி

*

வில்லோ பெண்ட்,
16 பிப்ரவரி

அடி ரூபி,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. பிறகென்ன?

எனக்கு நாற்பத்து மூன்று வயது. பதினான்கு வருடமாக ஆடி இப்போதுதான் ஜெயித்திருக்கிறேன். அடுத்த வருடம் வரை என் முட்டி தாங்காது. உன் அத்தான் ஸ்டான் புது டிவிப் பெட்டி வாங்கிவிட்டார். "டிவில எம் பொண்டாட்டியக் காட்டப் போறாங்க" என்று கோதுமைக் கிடங்கில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி முடித்துவிட்டார்.

வாயை மூடிக்கொண்டு, தேசியப் போட்டிக்குப் போகும் ரயிலுக்கு வந்து சேர்.

டெல்மா

*

சஸ்கட்டூன்,
20 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் வரவில்லை. துடைப்பத்தைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், வேறு ஆளைச் சேர்த்துக்கொள். உன்னைத் தாண்டிப் போய் கிரெட்டாவிடம் சொல்லமாட்டேன், பயப்படாதே. என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். கடிதம் போடுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

ரூபி

*

வில்லோ பெண்ட்,
25 பிப்ரவரி

என் ரூபிக்குட்டிக்கு,

யாரும் பார்க்கவில்லை என்று எழுதினேனே, அது பொய். நான் பார்த்தேன். கல்லை விட்டுவிட்டுக் குனிந்தபடியே உனக்குப் பின்னால் சறுக்கி வந்துகொண்டிருந்தேன். துடைப்பம் பட்டதும் நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். நான் என்ன கத்தினேன் என்று நினைவிருக்கிறதா? "தேய்டி, தேய்டி!" உன் கையைத் தூக்கவிடாதவள் நான்தான். பழியை மட்டும் உன் தலையில் விட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை கிரெட்டா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி, தேசியப் போட்டிக்கு நீங்களே போங்கள் என்றும் சொல்லிவிட்டேன். உட்காரச் சொல்லக்கூட இல்லை. "நீ வாங்கிக் குடுத்தத நான் சிரிச்சிக்கிட்டே குடிச்சேனே டெல்மா" என்றாள். ஸ்டான் அன்றைக்கே டிவியின் வயரைப் பிடுங்கினார். பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார்.

இன்று மத்தியானம் கிரெட்டாவின் வண்டி வாசலில் வந்து நின்றது. கையில் விஸ்கி பாட்டில்.

"ஜெயிச்சவ தானே தோத்தவளுக்கு ஊத்தணும்? கிளாஸ எடு" என்றாள். இரண்டு எடுத்து வைத்தேன்.

"அந்தச் சின்னவளுக்கு யாரு எடுப்பா?"

உன் கிளாஸைத் தட்டு போட்டு மூடி வைத்திருக்கிறேன். துடைப்பமும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்துவிடு.

தோற்றுப்போன கேப்டன்,
உன் அக்கா டெல்மா