பரணில் கிடந்த ஜோடி டயர்

விருதுநகர்
10.5.2009

அன்பு மகன் சுஃபியானுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் அத்தாவும் உன் தங்கச்சி ஹாஃபிஸாவும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், கழுத்துக்குக் கீழே. அதற்கு மேலே இருப்பதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் அத்தாவுக்குப் போன் போட்டு, நம் கடைப் பரணில் கிடக்கும் ஜோடி டயரை லாரி பார்சலில் அனுப்பச் சொன்னாயாம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ரேஸ் ட்ராக்கில் சிநேகிதர்களோடு பைக் ஓட்டப் போகிறாயாம், ரோட்டையே தொடாத டயர் புது டயர்தானாம். டயர் கடைக்காரர் மகன், மெட்ராஸில் இன்ஜினியர், சொல்கிற பேச்சு இது. நீ கேட்டு இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷர் உடனே ஏணியைச் சாத்திவிட்டார். நான் டயரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் 2301 என்று இருந்தது. 2001ஆம் வருஷம் இருபத்து மூன்றாவது வாரம் செய்த சரக்கு. எட்டு வருஷமாகத் தகரக் கூரைக்கடியில் நம் ஊர் வெயிலில் வெந்திருக்கிறது. நகத்தை வைத்து அழுத்தினால் இறங்கவில்லை, மடக்கினால் பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. சும்மா கிடந்தால் ரப்பருக்கு வயசாகாது என்று உனக்கு எந்த மேதாவி சொன்னான்? வண்டியைச் சாய்த்துத் திருப்பும்போது உள்ளங்கை அகல ரப்பர்தான் உன்னைத் தாங்குகிறது, அது கல்லாகிப் போனால் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பாய்?

இதை அத்தாவிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துப் பட்டறை சங்கரபாண்டியன் அண்ணாச்சி வந்து சேர்ந்தார். முப்பது வருஷமாக வண்டி பிரித்துப் பூட்டுகிறவர், அத்தனை வருஷமும் கைக்குத்தான் வேலை கொடுத்திருக்கிறார். புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முள்ளுகூட இதில் உதிரவில்லை, பொம்பளைக்கு வளையல் பார்த்து வாங்கத் தெரியும், டயரைப் பற்றி என்ன தெரியும் என்று அத்தாவைப் பார்த்துச் சிரித்தார். பதினேழு வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்து டயர் விற்கிறவள் நான். சுள்ளென்று ஏறிவிட்டது. "அம்புட்டு நல்ல டயர்னா ஒங்க வண்டியில மாட்டி ஓட்டிக் காட்டுங்க அண்ணாச்சி" என்றேன். அத்தா வேண்டாம் என்று சைகை காட்டினார், நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். அவர் வண்டிக்கும் அதே அளவுதான். அரை மணி நேரத்தில் ஒன்றைப் பின் சக்கரத்தில் மாட்டி, மீசையைத் தடவிக்கொண்டு சிவகாசி ரோட்டில் கிளம்பினார்.

ஆமத்தூர் வளைவில் விழுந்துவிட்டார். மழை இல்லை, எதிரே வண்டி இல்லை, காய்ந்த தார் ரோடு. பின் சக்கரம் வழுக்கி, வண்டி காலின் மேலேயே சாய்ந்து கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்துக்கொண்டு, ரோட்டில் மணல் கிடந்தது, டயர் மேல் குற்றமில்லை என்று பார்க்க வந்த ஆளுக்கெல்லாம் சொல்கிறார். கால் போனாலும் வாய் போகவில்லை. அதைக் கேட்டு நான் சிரிக்கக்கூடச் செய்தேன். அப்போது அவர் வீட்டுக்காரி பொன்னுத்தங்கம் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. "டயர் ஆகாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்லக்கா, தெரிஞ்சுமா மாட்டச் சொன்னீக?" என்றாள். தினமும் மத்தியானம் அவர்களுக்குச் சோறு கொண்டு போகிறேன், அவளும் வாங்கிக்கொள்கிறாள்.

இரண்டு டயரையும் அத்தா ரம்பத்தால் அறுத்துப் போட்டுவிட்டார், அதனால் மறுபடி கேட்காதே. ட்ராக்கில் ஓட்டத்தான் வேண்டும் என்றால் கடையில் நின்று தேதியை நீயே படித்து இந்த வருஷச் சரக்காக வாங்கு. அதற்கு முடியாதென்றால் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார். நான் சொன்னது சரிதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது மகனே, ஒருவர் காலை முறித்துத் தெரிந்துகொண்டேன். உன் விஷயத்தில் நான் சொன்னது சரியாகவே இருக்க வேண்டாம்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் கொஞ்சம் புத்தியையும் தரட்டும். வெள்ளிக்கிழமை அண்ணாச்சிக்குப் போன் போட்டு விசாரி, டயர் பேச்சை எடுக்காதே.

துஆவுடன்,
உன் அம்மா
ஜ. பைரோஜா