குழந்தைகள் ரயிலின் தடுப்புக் கம்பி குறித்து, இரண்டாம் முறையாக

அனுப்புநர்:
லிஃப்ட் பராமரிப்புத் தொழிலாளி (பெண், வயது 34),
மூன்றாம் மாடி, பின்பக்க வீடு,
தண்ணீர்த்தொட்டித் தெரு.

பெறுநர்:
பாதுகாப்பு ஆய்வு அலுவலர் அவர்கள்,
பொழுதுபோக்குப் பூங்காக்கள் பிரிவு.

பொருள்: குழந்தைகள் ரயிலின் இருக்கைத் தடுப்புக் கம்பி ஓட்டத்திலேயே திறந்துகொண்டது – நேரில் ஆய்வு செய்யக் கோருதல் – என் முதல் மனுவை முடித்துவைத்த முடிவை ஏற்க மறுத்தல் – தொடர்பாக.

பார்வை: 1. என் முதல் மனு. 2. "மேல்நடவடிக்கை தேவையில்லை" என்ற தங்கள் அலுவலகக் கடிதம். 3. பூங்கா நிர்வாகம் எனக்கு அனுப்பிய வாழ்நாள் தடைக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் மனுவை ஒரே பக்கத்தில் அடக்கமாக எழுதினேன். தங்கள் அலுவலகம் அதைப் பூங்கா நிர்வாகத்துக்கே அனுப்பி விளக்கம் கேட்டது. அவர்கள் ஒரு குறையும் இல்லை என்றார்கள். கோப்பு மூடப்பட்டது. நேரில் போய்ப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே இம்முறை நடந்தது முழுவதையும் எழுதுகிறேன். நீளத்தைத் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். படிக்காமல் விட்டால் நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன்.

1. நான் ஒன்பது ஆண்டுகளாக லிஃப்ட் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். மருத்துவமனை, அலுவலகம், குடியிருப்பு என்று நாற்பத்திரண்டு லிஃப்டுகள் என் பொறுப்பில் உள்ளன. என் கணவர் பேருந்து நடத்துநர். எங்களுக்கு இரண்டு வயது ஐந்து மாதத்தில் ஒரு மகள். வீட்டில் சிட்டு என்று கூப்பிடுகிறோம். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

2. சிட்டு பிறந்த பிறகு எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விடுப்பு கிடைத்தது அதுவே முதல் தடவை. நான் வேலை முடிந்து வரும் நேரத்தில் அவர் வேலைக்குக் கிளம்புவார்; படிக்கட்டில் குழந்தையைக் கைமாற்றிக்கொள்வோம். மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைத்ததும் பூங்காவுக்குப் போவதென்று முடிவு செய்தோம். என் நாத்தனார், "ரெண்டு வயசுக் குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது, அண்ணி? அலைச்சல்தான் மிச்சம்" என்றார். அவளுக்கு ஞாபகம் இருக்காது என்று எங்களுக்கும் தெரியும். எங்களுக்கு இருக்குமே என்றுதான் போனோம்.

முதல் நாள் வாசலிலேயே கரடி வேடமிட்ட ஊழியர் ஒருவர் கைகொடுக்க வந்தார். சிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள். பாவம், அந்த மனிதர் சமாதானப்படுத்த நினைத்துக் கரடித் தலையைக் கழற்றிக் காட்டினார். கரடிக்குத் தலை கழன்றுவிட்டதைப் பார்த்து அவள் இரண்டு மடங்கு அலறினாள். பிறகு கைகழுவும் இடத்தில், கையை நீட்டினால் தானே தண்ணீர் ஊற்றும் குழாயைக் கண்டுபிடித்தாள். அங்கேயே நாற்பது நிமிடம். அத்தனை பெரிய பூங்காவில் அவளுக்குப் பிடித்தது அதுதான். நானும் என் கணவரும் மாறி மாறி அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கை வரை நனைந்தோம்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று தாங்கள் கேட்கலாம். நிர்வாகத்தின் கடிதத்தில் நான் "வந்தது முதலே பதற்றமாக" இருந்தேன் என்று உள்ளது. வந்தது முதல் நான் நனைந்துபோய்ச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

3. இரண்டாம் நாள் காலை பத்தரை மணி அளவில் குழந்தைகள் ரயிலில் ஏறினோம். நான்கு பெட்டி, பெட்டிக்கு இரண்டு இருக்கை. மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையுடன் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும் என்பது விதி. நான் சிட்டுவுடன் மூன்றாம் பெட்டியின் முன் இருக்கையில் உட்கார்ந்தேன். என் கணவர் வேலிக்கு வெளியே நின்று படம் எடுத்தார். மடிக்கு மேல் வரும் தடுப்புக் கம்பியை இயக்குபவர் அழுத்தினார். 'டக்' என்று சத்தம் கேட்டது. நானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். பிடித்தது.

ரயில் மூன்று சுற்று போகும். முதல் சுற்றின் இரண்டாவது வளைவில் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தபோது கம்பி தானாக எழும்பியது. சிட்டு அதைக் கதவு திறந்ததாக எடுத்துக்கொண்டு எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினாள். அவள் பாதம் இருக்கையின் விளிம்பில் இருந்தது. நான் அவள் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு மடியில் அழுத்தினேன். இன்னும் அரை நொடி தாமதித்திருந்தால் என் கையில் கவுன் மட்டும் இருந்திருக்கும். அந்த அரை நொடியைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் இயலாது.

"நிறுத்துங்க" என்று கத்தினேன். எல்லாக் குழந்தைகளும் கத்திக்கொண்டிருந்ததால் இயக்குபவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அடுத்த வளைவில் மறுபடி கத்தினேன். இம்முறை என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே நிறுத்தினார். அவர் தலை நரைத்த, நிதானமான மனிதர். அவர் மீது எனக்குப் புகார் கிடையாது.

சிட்டு சொன்னது ஒரே வார்த்தை: "இன்னொருவாட்டி."

4. இறங்கியதும் மண்டியிட்டு அந்தக் கொக்கியைப் பார்த்தேன். கம்பியைப் பிடிக்க வேண்டிய கொக்கியின் பல் தேய்ந்து மழுங்கியிருந்தது. அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் இல்லை. ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள் டியூபைக் கிழித்த ரப்பர்த் துண்டு இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. எட்டு இருக்கைகளையும் பார்த்தேன். மூன்றில் இதே ரப்பர். படம் எடுத்து இணைத்துள்ளேன். முதல் மனுவிலும் இணைத்திருந்தேன்.

ஐயா, லிஃப்டில் கதவு சரியாகப் பூட்டாவிட்டால் பெட்டி அசையாது. பூட்டியதாகச் சைகை வந்தால்தான் மோட்டார் சுற்றும். கதவு திறந்த லிஃப்டை ஓடவிட்டால் என் வேலை போகும், வழக்கும் வரும். இந்த ரயிலில் கம்பி பூட்டியிருந்தாலும் திறந்திருந்தாலும் வண்டிக்கு ஒன்றுதான். அப்படிப்பட்ட வண்டியில் ஏறி உட்காருவது நம் குழந்தைகள்.

5. மேற்பார்வையாளர் வந்தார். தொப்பி, கையில் வாக்கிடாக்கி. நான் கொக்கியைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் என் கணவரிடம் திரும்பி, "சார், மேடம் பயந்துட்டாங்க. கூட்டிட்டுப்போய் ஏதாவது ஜூஸ் வாங்கிக் குடுங்க" என்றார்.

என் கணவர் அதிகம் பேசுபவர் அல்லர். பேருந்தில் பேசியே அவருக்கு அன்றாடம் தொண்டை கட்டிவிடும். அவர், "லிஃப்ட் மெக்கானிக் அவங்க. எனக்கு டிக்கெட் கிழிக்கத்தான் தெரியும். அவங்ககிட்ட கேளுங்க" என்றார்.

மேற்பார்வையாளர் என்னிடம் கேட்கவில்லை. தாமே இருக்கையில் உட்கார்ந்து கம்பியை இழுத்துக் காட்டினார். அது பிடித்துக்கொண்டது. வரிசையில் நின்ற சிலர் கைதட்டினார்கள். நிற்கும் வண்டியில் எல்லாம் பிடிக்கும், ஆளை வைத்து வளைவில் ஓட்டிப் பாருங்கள், நானே உட்காருகிறேன் என்றேன். அதற்கு நேரமில்லை, கூட்டம் நிற்கிறது என்று அடுத்த வரிசையை ஏற்றச் சொன்னார். ஒரு தகப்பனார் தம் மகனைத் தூக்கி, நான் உட்கார்ந்திருந்த அதே இருக்கையில் வைத்தார்.

நான் ரயிலுக்கு முன்னால் தண்டவாளத்தில் உட்கார்ந்தேன்.

6. இதற்காக என் மீது "பொது அமைதிக்குக் குந்தகம்" என்று பூங்கா நிர்வாகம் எழுதியிருக்கிறது. உட்கார்ந்தது உண்மை. முப்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மறுக்கவில்லை, வருந்தவும் இல்லை. அதே நிலைமை மறுபடி வந்தால் மறுபடி உட்காருவேன் என்பதை இந்த மனுவிலேயே எழுதித் தருகிறேன்.

அந்த முப்பத்தைந்து நிமிடம் எளிதாக இல்லை. வெயிலில் தண்டவாளம் சுட்டது. சிட்டு தன் அப்பாவின் தோளில் கிடந்து "ரயிலு, ரயிலு" என்று கதறினாள். என் பிள்ளை கேட்பதையே நான்தான் தடுக்கிறேன் என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். "பாப்பாவே பயப்படல, அம்மாவுக்கு என்ன" என்று மேற்பார்வையாளர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மகனை ஏற்றிய தகப்பனார் என் எதிரில் வந்து நின்று, "உங்க குழந்தை போயிட்டு வந்துடுச்சு. எங்க குழந்தை போகக்கூடாதா?" என்று கேட்டார். அவர் கோபத்தில் தப்பில்லை. அவரும் எங்கிருந்தோ விடுப்பு வாங்கி வந்தவராக இருப்பார். நான், "கொக்கியை ஒரு தடவை பாருங்க அண்ணா. பாத்துட்டும் ஏத்தணும்னு தோணுச்சுன்னா நான் எழுந்துக்குறேன்" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். ரப்பரைச் சுண்டிப் பார்த்தார். மகனை இறக்கித் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இரட்டைக் குழந்தைகளுடன் வந்த ஒரு பெண்ணும் இறக்கிவிட்டார். மற்றவர்கள் இறக்கவில்லை. முகம் சுளித்துக்கொண்டு காத்திருந்தார்கள். எல்லோரும் என் பக்கம் நின்றார்கள் என்று எழுதினால் அது பொய்.

பிறகு பூங்காவின் பெண் காவலாளிகள் இருவர் வந்து என் இரு கையையும் பிடித்துத் தூக்கினார்கள். அடிக்கவில்லை. அவர்களில் ஒருவர் என் காதருகில், "எழுந்துடுங்க அக்கா, எங்க வேலை போயிடும்" என்றார். அதற்காகவே எழுந்தேன்.

7. அலுவலக அறையில் அச்சடித்த மன்னிப்புக் கடிதம் ஒன்று தயாராக இருந்தது. பெயரும் தேதியும் மட்டும் நிரப்பினால் போதும். இப்படி ஒரு படிவத்தை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்றால் இதற்கு முன் எத்தனை பேரிடம் அது தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்தேன். கையெழுத்துப் போட மறுத்து, அதன் பின்பக்கத்தில் எந்தெந்த இருக்கைகளில் ரப்பர் உள்ளது என்று எழுதிக் கொடுத்தேன். எங்களைக் குப்பைத் தொட்டிகள் வைத்திருக்கும் பின்வாசல் வழியாக வெளியே அனுப்பினார்கள். மூன்றாம் நாளை விடுதி அறையில் கழித்தோம். சிட்டு வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றி விளையாடினாள். நான் சன்னல் பக்கம் உட்கார்ந்து, அந்த நேரத்தில் ரயில் எத்தனை சுற்று போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். எங்கள் முதல் விடுமுறை அப்படி முடிந்தது.

8. பதினொரு நாள் கழித்துத் தடைக் கடிதம் வந்தது. "தங்களின் அளவுகடந்த தாய்மைப் பதற்றம் காரணமாக" என்று அதில் உள்ளது. தங்கள் அலுவலகக் கடிதமும் அதே சொற்களை எழுத்து மாறாமல் எடுத்து எழுதியிருக்கிறது. ஐயா, தாய் என்பதால் எனக்குப் பதற்றம் வந்தது உண்மை. ஸ்பிரிங் இல்லை என்பதைத் தாயாக இருந்து கண்டுபிடிக்கவில்லை. அதை என் தொழில் கண்டது. ஓர் ஆண் மெக்கானிக் இதையே சொல்லியிருந்தால் அவருக்குத் தந்தைமைப் பதற்றம் என்று எழுதியிருப்பீர்களா?

9. சென்ற வாரம் ஒரு புதிய தகவல் கிடைத்தது. இரட்டைக் குழந்தைகளின் அம்மா அன்று வேலிக்கு வெளியே என் கணவரிடம் எங்கள் எண்ணை வாங்கியிருந்தார். அவருடைய தங்கை குடும்பம் அண்மையில் அதே பூங்காவுக்குப் போயிருக்கிறது. ரயில் ஓடுகிறது. மூன்று இருக்கைகளில் மட்டும் தடுப்புக் கம்பியின் மேல் வெள்ளை நைலான் பட்டை கட்டியிருக்கிறார்கள். நான் மன்னிப்புக் கடிதத்தின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த அதே மூன்று இருக்கைகள். அந்தப் படமும் இணைப்பில் உள்ளது.

குறையே இல்லாத ரயிலுக்குப் பட்டை எதற்கு? அதுவும் சரியாக அந்த மூன்றுக்கு மட்டும்? அவர்கள் என்னை நம்பியிருக்கிறார்கள், ஐயா. நம்பியதைத் தங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். பட்டை கட்டினால் குறை தீராது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அது கொக்கியைப் பிடிக்காது. அவசரத்தில் குழந்தையை வெளியே எடுக்கவும் விடாது.

10. ஆகவே நான் கேட்பது:

அ) ஒரு பணி நாளில் தாங்களோ தங்கள் பொறியாளரோ முன்னறிவிப்பின்றி நேரில் சென்று எட்டு இருக்கைகளையும் எடை வைத்து, ஓட்டத்தில் சோதிக்க வேண்டும். அழைத்தால் நான் என் கருவிப் பையுடன் விடுப்புப் போட்டு வருவேன்.

ஆ) கம்பி பூட்டாமல் வண்டி நகராதபடி அமைக்கும் வரை ரயிலை நிறுத்த வேண்டும்.

இ) தங்கள் கோப்பிலிருந்து "தாய்மைப் பதற்றம்" என்ற சொற்களை அடித்துவிட்டு "கொக்கி தேய்மானம், ஸ்பிரிங் இல்லை" என்று எழுத வேண்டும்.

ஈ) ரயிலை நிறுத்திய இயக்குபவர் மீது எந்த நடவடிக்கையும் வரக்கூடாது. அன்று தம் வேலையைச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

என் மீதுள்ள வாழ்நாள் தடையை நீக்கும்படி நான் கேட்கவில்லை. அது இருக்கட்டும்.

11. இவற்றில் எதுவும் தேவையில்லை என்று தாங்கள் கருதினால், அந்தக் கொக்கிகள் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பானவை என்று தங்கள் கையொப்பத்துடன் எழுதிக் கொடுங்கள். ஒரே ஒரு வரி போதும்.

பதினைந்து நாள் காத்திருப்பேன். தடைக் கடிதத்தைப் பலமுறை படித்துப் பார்த்தேன். "பூங்கா வளாகத்துக்குள்" நுழையக்கூடாது என்றுதான் உள்ளது. வாசலுக்கு வெளியே உள்ள நடைபாதை பொதுப் பாதை. பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கொக்கியின் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கையில் பிடித்துக்கொண்டு காலை முதல் அங்கே நிற்பேன். சிறு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் ஒவ்வொருவரையும் நிறுத்திக் காட்டுவேன். தங்கள் ஒரு வரிக் கடிதம் வந்திருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். எதை நம்புவது என்று பெற்றவர்கள் முடிவு செய்யட்டும். என் கணவர் அன்றைக்குத் தம் பணி நேரத்தை மாற்றிக்கொண்டுவிட்டார்.

தாங்கள் அதற்கு முன்பே வந்து பார்த்துவிட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமையை நாங்கள் மூவரும் வீட்டில் கழிப்போம். எங்களுக்கும் அதுதான் விருப்பம்.

பணிவு குறையாமல், பின்வாங்காமல்,

(கையொப்பம்)
லிஃப்ட் பராமரிப்புத் தொழிலாளி,
சிட்டுவின் அம்மா.

இடம்: தண்ணீர்த்தொட்டித் தெரு
நாள்: ஜூன் 14, வெள்ளிக்கிழமை

இணைப்பு: கொக்கிகளின் படம் மூன்று, நைலான் பட்டையின் படம் ஒன்று, தடைக் கடித நகல், கையொப்பமிடாத மன்னிப்புக் கடிதத்தின் இரு பக்கங்களின் படம், என் தொழில் உரிமத்தின் நகல்.