அக்கா அடிக்கச் சொன்ன பத்தி

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வணக்கம்.

உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது அம்மா? நான் சுகமாக இருக்கிறேன்.

இங்கே ஒரு சின்ன மாற்றம். என்னைக் கணினி மேசையிலிருந்து கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். பயப்படாதே, வேலை போகவில்லை. அவசர வழிக் கதவைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள் என்று, பெயர் போடாமல் கணினியில் புகார் எழுதியிருந்தேன். எழுத்துகளைத் தட்டும் வேகமும் நடுவில் விடும் இடைவெளியும் ஆளுக்கு ஆள் மாறுமாம். அதை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நான் வேலையில் எண்களை மட்டும்தானே அடிப்பேன், ஒப்பிட்டுப் பார்க்க எழுத்து எங்கே கிடைத்தது என்று குழம்பினேன். பிறகுதான் உறைத்தது. போன வாரம் பெரியம்மா மகள் மடிக்கணினியை என் கட்டிலில் வைத்து, "இந்தப் பத்திய பத்து தடவ அடிச்சுக் குடுடி, நம்ம ஆபீஸ்ல ஒரு சோதனை" என்றாள். அக்காதானே என்று விரல் வலிக்க அடித்துக் கொடுத்தேன்.

நேற்று அவளிடம், "தெரிஞ்சுதான் கேட்டியா அக்கா?" என்றேன்.

"எனக்கும் வேலை வேணும்ல" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கத் தொடங்கினாள். இன்னும் ஒரே அறையில்தான் இருக்கிறோம்.

அந்த அவசர வழிக் கதவைத் திறந்துவிட்டார்கள். அந்த மட்டில் நிம்மதி.

கிடங்குத் தரை சில்லென்று இருக்கிறது. தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. பார்சலை இனி என் பெயருக்கே தனியாகப் போடு. பெரியம்மாவிடம் எதையும் சொல்லாதே. "என் பொண்ணு இருக்கா, உன் பொண்ணுக்கு என்ன கவலை" என்று அவர்கள் பெருமைப்பட்டால், ஆமாம் என்று சொல்லிவிடு.

வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் சின்னவள்